மூக்கில் அடித்த மருந்து எங்கே போய்ச் சேர்கிறது? ஸ்லைசர் + ஓபன்ஃபோம் இலவசக் கூட்டணி: ஒரு மதிப்பாய்வு

வைரஸுக்கு எதிரான நேசல் ஸ்ப்ரேக்களைப் பற்றிய பேச்செல்லாம் மருந்தைப் பற்றியே இருக்கிறது. அந்த மருந்து எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் மூக்கின் உள்சவ்வுச் செல்களில் அதிகம் இருப்பதை 2020-ல் வந்த ஆய்வுகள் காட்டின. மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருக்கும் மூக்குத்தொண்டையில்தான் தொற்று வேர்விடுகிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் கடையில் வாங்கும் ஸ்ப்ரேயை வழக்கமான முறையில் அடித்தால் பெரும்பகுதி மூக்கின் முன்புறத்திலேயே ஒட்டி, கொஞ்ச நேரத்தில் கைக்குட்டைக்குப் போய்விடுகிறது.

துளிகளின் பாதையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்க முடியும். வணிக மென்பொருள்களில் இதற்கு வழக்கமான ஜோடி, படத்தைப் பிரித்தெடுக்க மிமிக்ஸ், காற்றோட்டத்துக்கு ஆன்சிஸ் ஃப்ளூயன்ட். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் ஒரு சிறு ஆய்வகத்தால் எளிதில் கட்டக்கூடியதல்ல. ஆன்சிஸின் மாணவர் பதிப்பு இலவசம்தான், ஆனால் கணக்குக்காகக் காற்றுவழியைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் ('செல்'களின்) எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; முழு மூக்கை நியாயமான நுணுக்கத்தில் அதில் அடக்குவது கஷ்டம். இங்கே மதிப்பிடுவது அவற்றுக்கு மாற்றான இலவச ஜோடியை: படத்துக்கு 3டி ஸ்லைசர், காற்றோட்டத்துக்கு ஓபன்ஃபோம்.

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்லைசரைத் தயங்காமல் எடுக்கலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பொறுமை இருந்தால் ஓபன்ஃபோமையும் எடுக்கலாம். "துளி எங்கே விழுகிறது" என்ற கேள்விக்கு இந்த ஜோடி நல்ல பதில் தரும். "மருந்து வேலை செய்யுமா" என்ற கேள்விக்குத் தராது.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு கைக்கணக்கு

50 மைக்ரான் துளி ஒன்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் முனையை விட்டுக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாத காற்றில், மெதுவாக நகரும் சிறு கோளத்தின் மீதான இழுவைக்கான எளிய ஸ்டோக்ஸ் கணக்குப்படி அது 7 செ.மீ.க்கு மேல் நேராகப் பாயும். அந்த வேகத்தில் காற்றின் இழுவை ஸ்டோக்ஸ் சொல்வதைவிட அதிகம் என்பதைச் சேர்த்தால் அது சுமார் 4 செ.மீ. ஆகிறது. 10 மைக்ரான் துளியோ 2–3 மி.மீ.க்குள் தன் வேகத்தை இழந்து, அதன்பின் காற்று போகும் வழியில் போகும். நாசித்துவாரத்திலிருந்து 2 செ.மீ.க்குள்ளேயே மூக்கின் மிகக் குறுகிய பகுதியான நாசி வால்வு இருக்கிறது. 4 செ.மீ. நேராகப் பாயும் துளி அந்த வளைவில் முட்டாமல் என்ன செய்யும்?

எனவே முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு: துளியின் அளவு, முனை நோக்கும் திசை. அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சைகத் பாசு 2021-ல் வெளியிட்ட கணிப்பில், மூச்சோடு உள்ளே போகும் துளிகளில் சுமார் 2.5 முதல் 19 மைக்ரான் வரையிலானவை மூக்குத்தொண்டையில் நன்றாகப் படிந்தன. சிக்கலும் இங்கேதான். 10 மைக்ரானுக்குக் கீழான துளிகள் நுரையீரல் வரை இறங்கக்கூடும் என்பதால், ஸ்ப்ரே உற்பத்தியாளர்கள் அவற்றின் பங்கைத் தனியே அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஆக, குறிக்கு நல்ல அளவும் தவிர்க்க வேண்டிய அளவும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அளவை விட்டுவிட்டுத் திசையைச் சரிசெய்யும் யோசனைக்கு மவுசு வந்தது இதனால்தான்.

ஸ்லைசர்: பாதி வேலை இங்கேதான்

1990-களின் இறுதியில் பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 16 ஜிபி நினைவகம் இருந்தால் ஒரு தலை சி.டி. ஸ்கேனைத் தாராளமாகக் கையாளலாம்.

ஸ்கேனில் துண்டுத் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, 0.6 இருந்தால் உத்தமம். 3 மி.மீ. தடிமனில் எடுத்த சாதாரண சைனஸ் ஸ்கேனைக் கொண்டுவந்து மாடல் செய்ய முயல்வது வீண் வேலை. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும் டர்பினேட் மடிப்புகளுக்கு இடையிலான காற்றுவழியே 1 முதல் 3 மி.மீ. அகலம்தான். நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் ஸ்கேன் படங்களைத் தாங்கும் டைகாம் கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். மாடலிங் கணினிக்கு வருமுன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

படத்தை ஏற்றியதும் 'கிராப் வால்யூம்' கொண்டு மூக்கும் தொண்டையும் மட்டும் வெட்டி, எல்லாத் திசையிலும் ஒரே அளவுள்ள வாக்சல்களாக (முப்பரிமாணப் படப்புள்ளிகளாக) மாற்றிக்கொள்ள வேண்டும். 'செக்மென்ட் எடிட்டர்' போய் 'த்ரெஷோல்ட்' −1024 முதல் −300 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி. படத்தில் அடர்த்தியின் அலகு) வரை. காற்று முழுவதும் நிறம் பெறும், முகத்துக்கு வெளியே இருக்கும் அறைக்காற்றும் சேர்த்து. 'சிசர்ஸ்' கொண்டு நாசித்துவாரத்தில் வெட்டிப் பிரித்து, 'ஐலண்ட்ஸ்' போய் வேண்டிய தீவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வருவது பழகாதவருக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு சைனஸின் சுவர் காகிதம்போல மெல்லியது; ஒரு வாக்சலுக்குள் பாதி எலும்பு, பாதி காற்று என்று வரும்போது சராசரி எண் காற்றுப் பக்கம் சாய்ந்துவிடும், சுவர் மாயமாகிவிடும். உண்மையில் இல்லாத ஓட்டை வழியாக மாடலில் காற்று ஓடும். இந்தக் கேள்விக்குச் சைனஸ்கள் தேவையும் இல்லை. அவற்றின் வாயிலிலேயே கையால் வெட்டி மூடிவிடுவது நல்லது. செல் எண்ணிக்கையும் கணிசமாகக் குறையும்.

'ஸ்மூத்திங்' பொத்தானில் கவனம் வேண்டும். மீடியன் வடிகட்டி 3 மி.மீ. அளவில் இருந்தால் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் 1.5 மி.மீ. வழி அடைபட்டிருக்கும். அளவை 1 மி.மீ. பக்கம் வைத்து, வழவழப்பாக்கும் முன்னும் பின்னும் மொத்தக் கன அளவை 'செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' மூலம் ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீதத்துக்கு மேல் மாறினால் பின்வாங்க வேண்டியதுதான்.

இன்னொரு சங்கதி மென்பொருளின் குற்றமல்ல, மூக்கின் சுபாவம். சில மணி நேரத்துக்கொரு முறை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் திறக்கும். ஸ்கேன் பிடிப்பது அந்த ஒரு கணத்தை. ஒரே ஆளின் ஒரே ஸ்கேனை வைத்து "இடது நாசியே சிறந்தது" என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சொந்த ஸ்கேன் கிடைக்காதவர்கள், 30 ஸ்கேன்களைச் சராசரியாக்கி 2009-ல் கனடாவின் கார்ல்டன் குழு வெளியிட்ட தரப்படுத்திய மூக்கு வடிவத்தை வைத்துப் பழகலாம்.

பரப்பு வடிவத்தை எஸ்.டி.எல். கோப்பாக ஏற்றுமதி செய்வதில்தான் ஸ்லைசர் காலை வாரும். திரையில் காட்டும் ஆயங்கள் வலம்–முன்–மேல் முறையில் (இந்தத் திசைகளில் எண் கூடும்). சேமிக்கும் கோப்பு இயல்பாக இடம்–பின்–மேல் முறையில். 'மார்க்கப்ஸ்' கொண்டு குறித்த ஸ்ப்ரே முனையின் புள்ளியை அப்படியே நகலெடுத்து ஓபன்ஃபோமில் ஒட்டினால் அது மூக்குக்கு வெளியே எங்கோ நிற்கும். முதல் இரண்டு எண்களின் கூட்டல்–கழித்தல் குறியை மாற்ற வேண்டும். திசைக்கும் அதே விதி. பிறகு அலகு: ஸ்லைசர் மில்லிமீட்டரில் தரும், ஓபன்ஃபோம் மீட்டரில் எதிர்பார்க்கும். 0.001 ஆல் பெருக்க மறந்தால் மூக்கு ஒரு கோபுர உயரத்துக்கு நிற்கும். நல்லவேளையாக, இந்த ஆய முறையில் மூன்றாவது அச்சு தலை உச்சியை நோக்குகிறது. படுத்த நிலையில் எடுத்த ஸ்கேன்தான் என்றாலும், புவியீர்ப்பை (0 0 −9.81) என்று கொடுத்தால் ஆள் நிமிர்ந்து நிற்பதாகக் கணக்கு சரியாகிவிடும்.

ஓபன்ஃபோம்: வாங்க காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. நிறுவும் முன் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஓபன்ஃபோம் ஃபவுண்டேஷன் வெளியிடும் கிளை ஒன்று. ஆண்டுக்கு இருமுறை ஜூனிலும் டிசம்பரிலும் வரும் இ.எஸ்.ஐ. கிளை மற்றொன்று. பெயர் ஒன்றுதான், ஆனால் துகள் சார்ந்த கோப்புகளில் சொற்களே வேறு. இணையத்தில் கிடைக்கும் பாடம் எந்தக் கிளைக்கு, எந்தப் பதிப்புக்கு என்று பார்க்காமல் நகலெடுப்பதால்தான் புதியவர்களின் முதல் வாரம் வீணாகிறது. ஒரு கிளையை, ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு அதனுடன் வரும் 'டுடோரியல்ஸ்' கோப்புறையிலிருந்தே தொடங்குங்கள்.

ஸ்லைசர் தரும் பரப்பு ஒரே துண்டு. அதை நாசித்துவாரங்கள், தொண்டை வெளிவாய், சுவர் என்று பிரிக்க வேண்டும், இலவச 3டி மென்பொருளான பிளெண்டர் போதும். சுவரை ஒரே துண்டாக விடாமல் முன்பகுதி, டர்பினேட் பகுதி, மேல் வாசனைப் பகுதி, மூக்குத்தொண்டை என்று இங்கேயே வெட்டிவிடுங்கள். கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு ஒட்டியது என்பதைப் பதிவுக் கோப்பே சொல்லிவிடும். இதைச் செய்யாதவர்கள் பிறகு லட்சம் புள்ளிகளை ஸ்கிரிப்ட் எழுதிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மெஷ் (செல்களின் வலை) போட ஓபன்ஃபோமின் 'ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ்', சுருக்கமாக ஸ்னாப்பி. 1 மி.மீ. அடிப்படைக் கட்டங்கள், சுவர் அருகே இரண்டு நிலை நுணுக்கம், அதாவது 0.25 மி.மீ. 1.5 மி.மீ. வழியில் குறுக்கே ஆறு செல் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் காற்றின் வேகச் சரிவு தட்டையாகிவிடும். சுவரோரம் மூன்று மெல்லிய அடுக்குகள். மொத்தம் 20 முதல் 30 லட்சம் செல்.

இந்த ஜோடியின் பலவீனமான கண்ணி இந்த அடுக்குகள்தான். குறுகிய வழிகளில் எதிரெதிர்ச் சுவர்களின் அடுக்குகள் மோதும்போது ஸ்னாப்பி சத்தமில்லாமல் அவற்றைக் கைவிட்டுவிடும். பிழைச் செய்தி வராது; பதிவின் கடைசியில் அடுக்கு எத்தனை சதவீதம் படிந்தது என்ற அட்டவணையில் மட்டும் தெரியும். அதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 'செக்மெஷ்' ஓட்டி, கட்டங்களின் வடிவக் குறைகளான செங்குத்து விலகல் 70 பாகைக்கும் கோணல் 4-க்கும் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே வேலையை ஃப்ளூயன்ட்டின் மெஷர் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காற்றோட்டம் சுலபம். ஓய்வான மூச்சுக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர், அதாவது நொடிக்கு 0.00025 கன மீட்டர். வெளிவாயில் இந்த அளவைக் கட்டாயப்படுத்தி, நாசித்துவாரத்தில் அழுத்தம் 0 என்று வைத்தால் இரு நாசிகளும் காற்றைத் தாமாகவே பங்கிட்டுக்கொள்ளும். இந்த அளவில் சீரோட்டம் (கொந்தளிப்பில்லாத ஓட்டம்) என்று கொள்ளலாம். 30 லிட்டர் ஆனால் கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. கொந்தளிப்பு மாதிரி. 8 கோர் கணினியில் சில மணி நேரம் ஆகும். நாசி வால்வில் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவிலும், ஆரோக்கியமான மூக்கில் அழுத்த வீழ்ச்சி 10–20 பாஸ்கல் அளவிலும் வந்தால் நம்பலாம். ஒரு பொறி: இங்கே அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டே வரும். 15 பாஸ்கல் 12.5 என்று தெரியும். 1.2 ஆல் பெருக்காத எண்ணைப் பாஸ்கல் என்று அச்சிட்டவர்கள் உண்டு.

துளிகள்

ஒரு அழுத்தலில் 100 மைக்ரோலிட்டர் வெளிவருவதாகக் கொள்வோம். எல்லாம் 50 மைக்ரான் துளிகளானால் சுமார் 15 லட்சம் துளி. ஒவ்வொன்றையும் பின்தொடர வேண்டியதில்லை. பலவற்றைப் பொட்டலமாகக் கட்டி ஒரு லட்சம் பொட்டலம் விட்டால் போதும். 20,000, 50,000, ஒரு லட்சம் என்று மூன்று முறை ஓட்டி, மூக்குத்தொண்டைப் பங்கு நிலைபெறுகிறதா என்று பார்ப்பது முறை. சொற்பப் பங்குக்குத்தான் அதிகப் பொட்டலம் தேவை.

துளிகளின் அளவுப் பரவலுக்கு ரோசின்–ராம்லர் என்ற சூத்திரம். அதில் கேட்கும் விட்டம் நடுவிட்டம் அல்ல, 63.2 சதவீதக் கன அளவு எந்த விட்டத்துக்குக் கீழே வருகிறதோ அது. லேசர் அளவீட்டு அறிக்கைகள் தருவது நடுவிட்டத்தை. பரவல் எண் (அளவுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது) 3 என்றால், நடுவிட்டம் 45 மைக்ரானுக்கு இங்கே சுமார் 51 கொடுக்க வேண்டும். பொட்டலத்தின் அடிப்படையை 'மாஸ்' என்று வையுங்கள்; 'ஃபிக்ஸ்டு' என்று வைத்தால் அதே பரவல் எண்ணிக்கைப் பரவலாக மாறி, முடிவு தலைகீழாகும். மொத்த நிறை கிலோகிராமில்: 0.0001. முனை நாசிக்குள் 5 முதல் 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். புள்ளி மெஷுக்கு வெளியே விழுந்தால் "பொட்டலத்துக்குச் செல் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். பெரும்பாலும் மேலே சொன்ன குறி மாற்றத்தை மறந்ததுதான் காரணம்.

துளி சுவரில் பட்டால் 'ஸ்டிக்' (ஒட்டிக்கொள்), வெளிவாயில் 'எஸ்கேப்' (வெளியேறு). மாதிரிக் கோப்புகள் பலவற்றில் சுவருக்கு 'ரீபவுண்ட்' என்று இருக்கும். ஈரச் சளிச்சவ்வில் துளி பந்துபோல் எகிறாது. துளி இருக்கும் இடத்தில் காற்றின் வேகத்தைக் கணிக்கும் இடைச்செருகலை 'செல்பாயின்ட்' என்று மாற்றுங்கள். 'செல்' என்றே விட்டால் சுவரை ஒட்டிய கட்டத்தில் வேகம் குறையாமல் நிற்கும். சிறு துளிகள் சுவரில் போலியாக அதிகம் படியும். கொந்தளிப்புச் சிதறல் மாதிரியைப் போட்டாலும் இதே மிகைப்பு வரும். சிறு துளிக் கணக்கில் அதை அணைத்தும் ஒரு முறை ஓட்டி, வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. முடிவைத் துளி எண்ணிக்கையாகச் சொல்லாமல் நிறையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 50 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் மருந்து, 10 மைக்ரான் துளி 125-ல் இருப்பதற்குச் சமம்.

இனி திசை. பாட்டிலை நிமிர்த்திப் பிடிக்காமல் கூடியவரை கிடைமட்டமாக வைத்து, முனையைக் கன்னப் பக்கம் லேசாகச் சாய்த்தால் மூக்குத்தொண்டையில் படிவு பல மடங்கு கூடுகிறது என்று 2023-ல் பாசுவின் குழு கணித்தது. இதை மேலே சொன்ன அமைப்பில் எவரும் சோதிக்கலாம். திசை வரியில் மூன்று எண்களை மாற்றினால் போதும், துளிக் கணக்கு நிமிடங்களில் முடிந்துவிடும். கை எப்போதும் ஒரே கோணத்தில் பிடிக்காது என்பதால், சுற்றிலும் 5 பாகை விலக்கி எட்டுத் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். 5 பாகையில் சரியும் பலன் நடைமுறைக்கு உதவாது. "பல மடங்கு" என்பதையும் சற்றுத் தள்ளி நின்று படிக்க வேண்டும்: பழைய முறையில் அங்கே சேர்வது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால், கொஞ்சம் சேர்ந்தாலே மடங்கு பெருத்துத் தெரியும். தெளித்த மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்ற எண்ணையும் கேளுங்கள்.

எது கிடைக்காது

துளி சுவரில் பட்டதோடு கணக்கு முடிகிறது. ஆனால் 100 மைக்ரோலிட்டர் திரவம் முன்பகுதியில் குவிந்தால் வழியும். கொஞ்சம் வெளியே வரும், கொஞ்சம் பின்னால் நகரும். சளிப்படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் எல்லாவற்றையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். 10, 20 நிமிடத்தில் மருந்தின் பெரும்பகுதி இடம் மாறியிருக்கும். மருந்து சளியைத் தாண்டிச் செல்லுக்குள் போகிறதா என்பது வேறு கணிதம். சிறு துளிகள் வழியில் ஆவியாகிச் சுருங்குவதும், ஸ்ப்ரேயின் வீச்சு காற்றையே தள்ளுவதும் இந்த எளிய அமைப்பில் இல்லை. வீச்சின் விளைவைப் பார்க்க காற்றும் துளியும் ஒன்றையொன்று தள்ளும் இருவழி இணைப்பை இயக்கலாம், ஆனால் கணக்கு எளிதில் நிலைகுலையும்.

சரிபார்க்க மலிவான வழி இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் எஸ்.டி.எல். கோப்பைக் கொண்டு அதே மூக்கை 3டி அச்சில் எடுத்து, உள்ளே நீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி, உண்மையான பாட்டிலால் அடித்துப் பார்ப்பது. நிறம் மாறிய இடமும் மாடல் காட்டிய இடமும் பொருந்தாவிட்டால், முதலில் ஸ்ப்ரேயின் கூம்புக் கோணத்தையும் துவக்க வேகத்தையும் சந்தேகியுங்கள். அந்த இரண்டையும் பாட்டில் அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை. வேகக் கேமராவில் அளந்துதான் ஆக வேண்டும்.

மதிப்பெண் கேட்டால்: ஸ்லைசருக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் அந்த ஆயக் குழப்பத்துக்காகக் குறைகிறது. ஓபன்ஃபோமின் காற்றோட்டப் பகுதிக்கு நாலு, துகள் பகுதிக்கு மூன்று (வேலை செய்கிறது, விளக்கக் குறிப்புதான் இல்லை, மூலநிரலைத் திறந்து படிக்க வேண்டியிருக்கும்). ஸ்னாப்பிக்கு இரண்டரை. மருத்துவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கற்க முயல்வதானால் வேண்டாம். இயந்திரவியல் துறையில் ஓட்டவியல் படித்த ஒருவரையும் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்தால், இரண்டு மாதத்தில் முதல் நம்பகமான படம் கையில் இருக்கும்.